இன்று ராத்திரிக்கு ஓர் இடம், அடுத்த ஆறு மாதத்துக்கு ஓர் இடம்: சாகணும் என்று சொல்பவருக்கு நெல்லைச் சீமையில் எங்கே உதவி தேடுவது?

வீட்டில் ஒருவர் “நான் இருந்து என்ன ஆகப்போகுது” என்று பேசத் தொடங்கியதும் சொந்தத்தில் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். பெரியப்பா ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொல்வார். மதினிக்கு வண்ணாரப்பேட்டையில் தெரிந்த தனியார் டாக்டர் இருப்பார். பக்கத்து வீட்டு ஆச்சி, வெள்ளிக்கிழமை ஆத்தங்கரைப் பள்ளிவாசலுக்குப் போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வரச் சொல்வார். துபாயில் இருக்கும் மைத்துனர் ஏதோ ஒரு போன் நம்பரை வாட்ஸப்பில் அனுப்பியிருப்பார். இதில் எது சரி என்பதுதான் வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது.

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இன்று ராத்திரி உயிரைக் காக்க எங்கே போவது என்பது ஒன்று. அடுத்த ஆறு மாதம் யாரிடம் சிகிச்சை எடுப்பது என்பது இன்னொன்று. செலவு, ஊர் வாய், டாக்டரின் பேர் இவற்றை எல்லாம் இரண்டாவது கேள்விக்குப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். முதல் கேள்வியில் அவற்றைப் போட்டுக் குழப்பினால் நேரம்தான் போகும்.

## படிக்க நேரமில்லாதவர்களுக்கு

ஏற்கெனவே எதையாவது குடித்திருந்தால், விழுங்கியிருந்தால், காயப்படுத்திக்கொண்டிருந்தால் உடனே 108. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர், சோப்புத் தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள். மூச்சுக்குழாயில் இறங்கினால் அதுவே ஆளைக் கொன்றுவிடும். மயக்கமாக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பாட்டில், டப்பா, மாத்திரை அட்டை எது கிடந்தாலும் பையில் போட்டுக் கையோடு கொண்டு போங்கள். “நல்லாத்தான் பேசுறான், காலைல பாத்துக்கலாம்” என்று நிற்காதீர்கள். சிலவற்றின் பாதிப்பு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் உள்ளுறுப்பில் தெரியும், அதற்குள் மாற்று மருந்து கொடுக்கும் நேரம் கடந்திருக்கும்.

இதைப் படிக்கும் உங்களுக்கே அந்த எண்ணம் இருந்தால், மிச்சத்தைப் பிறகு படிக்கலாம். இலவச மனநல எண்ணான 14416-க்குப் போன் போடுங்கள். இருக்கும் இடத்தை விட்டு எழுந்து, வீட்டில் இன்னொரு ஆள் இருக்கும் அறைக்குப் போய் உட்காருங்கள்.

## எதை வைத்து முடிவெடுப்பது

ஆபத்து எவ்வளவு பக்கத்தில். மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான். இதை ஊகித்துத் தெரிந்துகொள்ள முடியாது, வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாகிவிடும் என்று பயப்பட வேண்டாம். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. கேட்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் பாரம் இறங்குகிறது.

கேட்கும் விதத்தில்தான் தப்பு நடக்கிறது. “அப்படிக் கிறுக்குத்தனமால்லாம் ஒண்ணும் யோசிக்கலைல்ல?” என்று கேட்டால் “இல்லை” என்ற பதில்தான் வரும், கேட்டவருக்கு வேண்டியதும் அந்தப் பதில்தான் என்று அவருக்குத் தெரியும். அக்கா தம்பியிடம் இப்படிக் கேட்கலாம்: “ரொம்ப நாளா ஒருமாதிரி இருக்கய்யா. செத்துப் போயிரலாம்னு தோணுதா?” ஆமாம் என்றால் அடுத்தது: “எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா? இன்னைக்கே செய்யணும்போல இருக்கா?” வயதில் மூத்தவரிடம் என்றால், “மாமா, உங்களுக்கு உயிரோட இருக்க வேண்டாம்னு நெனைப்பு வருதா?” இவ்வளவுதான். பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். அதுதான் கஷ்டம்.

வரும் பதிலை மூன்றாகப் பிரியுங்கள். எண்ணம் மட்டும் வந்து போகிறது, வழி எதுவும் யோசிக்கவில்லை என்றால் ஒன்றிரண்டு நாளுக்குள் டாக்டரைப் பார்க்கலாம். வழியும் யோசித்தாயிற்று, நேரம் குறிக்கவில்லை என்றால் இன்றே. நேரமும் குறித்தாயிற்று, அல்லது பொருளைத் தேடி வைத்திருக்கிறார், பொருட்களை எடுத்துக் கொடுக்கிறார், எல்லோரிடமும் விடைபெறுவதுபோலப் பேசுகிறார் என்றால் இந்த நிமிடமே. முன்பு ஒருமுறை முயன்றவர், குடித்திருப்பவர், பல நாள் தூங்காதவர், காதில் குரல் கேட்கிறது என்பவர் இவர்களுக்கு ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள். பல நாள் புழுங்கிக் கிடந்தவர் காரணமே இல்லாமல் திடீரென்று அமைதியாகிவிட்டால், சரியாகிவிட்டார் என்று விட்டுவிடாமல் அன்றைக்கே மறுபடி கேளுங்கள்.

ராத்திரி பதினொரு மணிக்குத் திறந்திருக்குமா. கூடப் போக யார் இருக்கிறார்கள். அடுத்த மாதமும் அதே இடத்துக்குப் போக முடியுமா. இந்த மூன்றும் அடுத்தது. கடைசியாகக் காசு. காசு என்றால் டாக்டர் பீஸ் மட்டும் இல்லை. திசையன்விளையிலிருந்தோ மாஞ்சோலை அடிவாரத்திலிருந்தோ பாளையங்கோட்டைக்கு வந்து போகும் வண்டிச் செலவு, பீடி சுற்றும் அம்மாவுக்கு அன்றைய கூலி, துணைக்கு நிற்பவரின் சம்பளப் பிடித்தம் எல்லாம் சேர்த்துத்தான்.

## போன்: 14416, 104, சினேகா

14416 என்பது டெலி மனாஸ், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச மனநல எண். 24 மணி நேரமும் உண்டு. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் நடக்கிறது. முதலில் எடுப்பவர் ஆலோசகர், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார். 104 தமிழக அரசின் பொதுச் சுகாதார எண், அதிலும் மனநல ஆலோசனை கிடைக்கும். சினேகா (044-24640050) சென்னையில் 1986 முதல் இயங்கும் தொண்டு அமைப்பு. அங்கே பேசுபவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். மருந்து சொல்லமாட்டார்கள், அறிவுரையும் சொல்லமாட்டார்கள், காது கொடுத்துக் கேட்பார்கள். “யாரும் எனக்குப் புத்தி சொல்லாம இருந்தாப் போதும்” என்ற நிலையில் இருப்பவருக்கு இது மற்றதைவிடப் பொருந்தும்.

போனின் பெரிய பலம், நம் ஊரில் எவருக்கும் தெரியாது என்பது. சின்ன ஊரில் இது லேசான விஷயமில்லை. பலவீனம், போனால் ஆளைப் பிடித்து நிறுத்த முடியாது. ஆம்புலன்ஸ் வேண்டுமென்றால் 108-ஐ நீங்களே தனியாக அழையுங்கள், ஆலோசகர் ஏற்பாடு செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

நடைமுறையில் கோளாறு வரும் இடங்கள் சில. வீட்டில் ஒரே போன், எல்லோரும் கேட்கிறார்கள் என்றால் பேச்சு வராது; மொட்டை மாடிக்கோ திண்ணைக்கோ அனுப்பிவிட்டு, கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் ஒருவர் நில்லுங்கள். மலையடிவாரத்தில் சிக்னல் விட்டுவிட்டு வரும். பேச்சு பாதியில் அறுந்தால், முதலில் கிடைத்த ஆலோசகரே மறுபடி கிடைப்பது உறுதியில்லை. அதனால் முதல் வாக்கியத்திலேயே எல்லாம் இருக்கட்டும்: “அம்பாசமுத்திரம் பக்கத்துலேர்ந்து பேசுறேன். என் தங்கச்சி சாகப்போறேன்னு சொல்லுறா. இப்ப என் பக்கத்துலதான் இருக்கா. இன்னும் எதுவும் செஞ்சுக்கலை.” வெளிநாட்டில் இருந்து கூப்பிடுபவர்களுக்கு ஒன்று: 14416 போன்ற குறுகிய எண்கள் அங்கிருந்து இணையாது. ஊரில் உள்ள ஒருவரைக் கூப்பிடச் சொல்லுங்கள், அல்லது சினேகா எண்ணை முதலில் உள்ள 0 இல்லாமல், +91 சேர்த்து (+91 44 24640050) அழையுங்கள்.

சம்பந்தப்பட்டவர் பேச மறுத்தாலும் நீங்கள் பேசலாம். “அவரை எப்படிக் கூட்டிப் போவது” என்று கேட்பதற்கும் இந்த எண்கள்தான்.

## பக்கத்து அரசு ஆஸ்பத்திரி

அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நாங்குநேரி, வள்ளியூர், ராதாபுரம் பக்கத்தில் இருப்பவர்கள் நேராகப் பாளையங்கோட்டைக்கு வண்டி பிடிக்கிறார்கள். விஷம் குடித்தவர் என்றால் அந்த ஒரு மணி நேரம் பெரிய விஷயம். பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் முதலுதவி செய்து, குளுக்கோஸ் போட்டு, 108-இல் ஏற்றி அனுப்புவது, காரில் நேராகப் போவதைவிடப் பாதுகாப்பு. வழியில் மூச்சு நின்றால் காரில் ஒன்றும் செய்ய முடியாது.

“இங்கே மனநல டாக்டர் இல்லை” என்று சொன்னால் திரும்பி வந்துவிட வேண்டாம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 94-ஆவது பிரிவுப்படி, உயிருக்கு ஆபத்து என்றால் பதிவுபெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம் வரை அவசர மனநல சிகிச்சை தரலாம். அனுப்பிவைப்பதும் சிகிச்சையில் சேர்ந்ததுதான், அதற்கான சீட்டை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அவசரம் இல்லாதவர்களுக்கு இங்கே இன்னொரு வசதி உண்டு, பலருக்குத் தெரியாது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் குழு வட்ட ஆஸ்பத்திரிகளுக்குக் குறிப்பிட்ட கிழமைகளில் வந்து பார்க்கிறது. எந்தக் கிழமை என்று உங்கள் ஆஸ்பத்திரி ஓபி கவுண்டரில் கேட்டு, சுவரில் இருக்கும் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். மருந்து இலவசம், பாளையங்கோட்டை போய்வரும் செலவு மிச்சம். ஆறு மாதச் சிகிச்சைக்கு, கையில் காசு இல்லாத வீட்டுக்கு, எங்கள் கணக்கில் இதுவே முதல் தேர்வு. குறை என்னவென்றால் மருத்துவர் மாறலாம், ஒரு கிழமை தவறினால் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். மருந்து தீர்வதற்கு ஒரு முறை முன்னதாகவே போய்விடுங்கள்.

2019-இல் தென்காசி தனி மாவட்டமான பிறகு சங்கரன்கோவில், ஆலங்குளம், கடையம் பக்கத்தார் தென்காசி அரசு தலைமை ஆஸ்பத்திரியைக் கேட்க வேண்டும். அவசரத்துக்கு மாவட்ட எல்லை கிடையாது, எது பக்கமோ அங்கே போகலாம்.

## ஐகிரவுண்டு

திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியைத்தான் சொல்கிறோம். உயிர் காக்கும் பிரிவும் மனநலப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருப்பதுதான் இதன் பலம். விஷமோ காயமோ உண்டு, கூடவே மனநல சிகிச்சையும் வேண்டும் என்றால், தனியாரில் இரண்டு இடத்துக்கு அலைய வேண்டியதை இங்கே ஒரே இடத்தில் முடிக்கலாம். ராத்திரி என்றால் அவசரப் பிரிவு. அவசரமில்லாத முதல் பார்வைக்குக் காலையிலேயே ஓபி சீட்டு எடுத்துவிடுங்கள், மதியத்துக்குப் போனால் கதவு சாத்தியிருக்கும்.

இங்கே போகத் தயங்குவதற்கு ஜனங்கள் சொல்லும் காரணம் இரண்டு. ஒன்று, “கோட்டி வார்டுல சேத்துட்டா ஊர்ல பேர் கெட்டுரும்.” இன்னொன்று, “போலீஸ் கேஸ் ஆயிரும்.” இரண்டாவதைக் கொஞ்சம் விரிவாகப் பார்த்துவிடலாம், ஏனென்றால் இந்தப் பயத்தில்தான் தற்கொலைக்கு முயன்றவரைக் “கால் தவறி விழுந்துட்டார்”, “தெரியாமக் குடிச்சிட்டார்” என்று சொல்லிச் சேர்க்கிறார்கள். டாக்டருக்கு உண்மை தெரியாவிட்டால் மனநலப் பிரிவுக்கு யாரும் அனுப்பமாட்டார்கள். குடல் சரியானதும் ஆள் வீட்டுக்கு வந்துவிடுவார், காரணம் அப்படியே இருக்கும்.

உண்மை நிலை இது. ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டில் எழுதும், காவல் நிலையத்துக்குத் தகவல் போகும், காவலர் ஒருவர் வந்து வாக்குமூலம் எழுதிக்கொள்வார். இது நடைமுறை, அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆனாலும் உண்டு. ஆனால் 2017 சட்டத்தின் 115-ஆவது பிரிவு, மாறாக நிரூபிக்கப்படாதவரை முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. முன்பு இதைக் குற்றமாக்கியிருந்த பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவும், 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. காவலர் வருவது வேறு, வழக்குப் போடுவது வேறு. சிகிச்சையைத் தள்ளிப்போட இது காரணமே இல்லை. வாக்குமூலத்தின்போது வீட்டில் அடி உதை நடந்தது, கடன்காரர் மிரட்டினார் என்றால் அதைச் சொல்லவும் இதுவே இடம்.

பெரிய ஆஸ்பத்திரி எதிலும் நழுவும் இடம் ஒன்று உண்டு. உடம்புக்குச் சிகிச்சை கொடுக்கும் வார்டு டிஸ்சார்ஜ் எழுதும், மனநல மருத்துவர் இன்னும் வந்து பார்த்திருக்கமாட்டார். கட்டில் நெருக்கடி, அவசரம், எழுதிக்கொடுத்துவிட்டுக் கூட்டிப் போகிறோம் என்று நிற்கும் சொந்தக்காரர்கள். டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் வாங்கும் முன் நர்ஸிடம் ஒன்று கேளுங்கள்: “மனநல டாக்டர் பாத்துட்டாங்களாம்மா? எங்க எழுதியிருக்கு?” கேஸ் ஷீட்டில் அந்தக் குறிப்பும், அடுத்துப் பார்க்க வேண்டிய தேதியும் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

மறைமுகச் செலவு துணை ஆள்தான். இருபத்துநாலு மணி நேரமும் ஒருவர் நிற்க வேண்டும். ஒருவரே மூன்று நாள் நின்றால் மூன்றாம் நாள் ராத்திரி அவர் தூங்கிவிடுவார். எட்டு மணி நேரத்துக்கு ஒருவர் என்று மூன்று பேரின் பெயரை எழுதிக்கொண்டு போங்கள். எடுத்துப் போக வேண்டியவை: பழைய மருந்துச் சீட்டுகள், இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகள், ஆதார், காப்பீட்டு அட்டை. ஆதார் இல்லை என்று அவசர சிகிச்சைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

## தனியார் மனநல மருத்துவர்

காத்திருப்பு குறைவு, சாயங்காலம் பார்க்கலாம், ஒவ்வொரு முறையும் அதே டாக்டர். சொந்த ஊரில் தெரியக் கூடாது என்பவர்கள் தூத்துக்குடிக்காரர் நெல்லைக்கும், நெல்லைக்காரர் நாகர்கோவிலுக்கும் போவது இதனால்தான். எண்ணம் மட்டும் உண்டு, திட்டம் இல்லை என்ற நிலைக்கும், ஆறு மாதத் தொடர் சிகிச்சைக்கும் நல்ல வழி. இன்று ராத்திரிக்கு இது வழியில்லை. பெரும்பாலான கிளினிக்கில் ராத்திரி ஆள் கிடையாது. “நாளைக்கு ஆறு மணிக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைச்சிருச்சு” என்ற நிம்மதியில் இன்று ராத்திரியைக் கோட்டைவிடுவதுதான் இதில் நடக்கும் பெரிய தப்பு.

போகும் முன் போனில் மூன்று கேள்வி கேளுங்கள். மனநல மருத்துவரா, உளவியல் ஆலோசகரா? (மருந்து எழுதுவது மருத்துவர் மட்டும், ஆலோசகரின் பேச்சுச் சிகிச்சையும் வேண்டியதுதான், ஆனால் ஆபத்து நிலையில் அது மட்டும் போதாது.) ராத்திரி அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது? சேர்க்க வேண்டி வந்தால் எங்கே சேர்ப்பீர்கள்?

செலவுக் கணக்கை முதல் நாள் பீஸை வைத்துப் போடாதீர்கள். மனச்சோர்வு மருந்து வேலை செய்யத் தொடங்கவே இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும். குணமான பிறகும் மாதக்கணக்கில் தொடரச் சொல்வார்கள். மாதச் செலவை ஆறால் பெருக்கிப் பாருங்கள். மூன்றாம் மாதம் காசில்லாமல் மருந்தை நிறுத்துவதைவிட, முதலிலேயே அரசு ஓபியில் தொடங்குவது மேல். பாதியில் காசு முட்டினால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லி, மருந்துப் பெயர்களைத் தெளிவாக எழுதி வாங்கி அரசு ஆஸ்பத்திரிக்கு மாறிக்கொள்ளலாம். மருத்துவக் காப்பீடு எடுத்தவர்கள் கவனிக்க: உடல் நோய்க்குத் தருவதுபோலவே மனநோய்க்கும் தர வேண்டும் என்று 2017 சட்டத்தின் 21-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் பல பாலிசிகளில் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம், ஓபி செலவு கையிலிருந்துதான்.

## காப்பகம்

“மூணு மாசம் கொண்டுபோய் விட்டுட்டா சரியாயிரும்” என்று சொல்லும் இடங்கள். தற்கொலை எண்ணத்துக்கு இது முதல் வழி இல்லை. வேறு காரணத்துக்காகத் தேவைப்பட்டாலும், மாநில மனநல ஆணையத்தில் பதிவு உண்டா என்று சான்றிதழைக் கண்ணால் பாருங்கள். மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார், உள்ளே இருப்பவர் வீட்டுக்குப் போன் பேச விடுவார்களா என்று கேளுங்கள். “முதல் மாசம் யாரும் வந்து பாக்கக் கூடாது” என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

## கோயில், தர்கா, தேவாலயம்

ஆத்தங்கரைப் பள்ளிவாசல், உவரி அந்தோணியார், புளியம்பட்டி அந்தோணியார், ஊர்ச் சுடலைக்கு நேர்ந்துகொள்வது. இவற்றைக் கேலி செய்கிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை. துணைக்கு நாலு பேர், நேரத்துக்குச் சாப்பாடு, “இது உன் குத்தமில்லை” என்று சொல்லும் ஒரு பெரியவர்: நொந்துபோனவருக்கு இது உண்மையிலேயே தாங்கல். ஊரில் பேர் கெடாமல் கூட்டிப் போகக்கூடிய ஒரே இடமும் இதுதான் பல வீடுகளுக்கு.

ஆனால் விஷத்துக்கு மாற்று மருந்து அங்கே கிடையாது, ராத்திரி விழித்திருந்து பார்க்கப் பயிற்சி பெற்ற ஆளும் கிடையாது. சங்கிலி போடும் இடத்தில் ஒரு நாள்கூட விடக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை, 28 பேர் இறந்தார்கள். இப்போது 2017 சட்டத்தின் 95-ஆவது பிரிவு எந்த விதத்திலும் சங்கிலி போடுவதைத் தடை செய்திருக்கிறது. அதே ஏர்வாடியில் இன்று தர்காவை ஒட்டியே அரசு மனநல சிகிச்சையும் நடக்கிறது. தவாவும் (மருந்து) துவாவும் (பிரார்த்தனை) சேர்ந்தே போகலாம்.

வீட்டுப் பெரியவர்கள் கோயில்தான் என்று பிடிவாதமாக நின்றால் சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். “மொதல்ல ஆஸ்பத்திரி, வார வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் போயிருவோம் பெரியம்மா” என்று வரிசையை மட்டும் மாற்றுங்கள். கயிறு கட்டிக்கொண்டே மாத்திரை சாப்பிடலாம். வேப்பிலை அடித்து, பட்டினி போட்டு, தூங்கவிடாமல் செய்யும் சடங்குகளை மட்டும் தடுத்துவிடுங்கள், தூக்கமின்மை இந்த நிலையை மோசமாக்கும்.

## ஒரே பார்வையில்

| வழி | ராத்திரி உண்டா | கைக்காசு | மறைமுகச் செலவு | எப்போது பொருந்தும் |
|---|---|---|---|---|
| 14416, 104 | உண்டு | இல்லை | சிக்னல், தனிமையான இடம் | எண்ணம் வந்ததும். கூட்டிப் போவது எப்படி என்று கேட்க |
| பக்கத்து அரசு ஆஸ்பத்திரி | முதலுதவி உண்டு; மனநலக் குழு குறித்த கிழமையில் | இல்லை | கிழமை தவறினால் காத்திருப்பு | விஷம், காயம் என்றால் முதல் ஒரு மணி நேரத்துக்கு; தொடர் மருந்துக்கு |
| ஐகிரவுண்டு | உண்டு | இல்லை | துணை ஆள், கூலி இழப்பு, பயணம் | திட்டம் இருப்பவர், முயன்றவர், குரல் கேட்பவர் |
| தனியார் மனநல மருத்துவர் | பெரும்பாலும் இல்லை | உண்டு, மாதந்தோறும் | பாதியில் காசு முட்டி மருந்து நிற்பது | ஆபத்து தணிந்த பின் தொடர் சிகிச்சை |
| வழிபாட்டுத் தலம் | தங்கலாம், சிகிச்சை இல்லை | இடத்தைப் பொறுத்து | இழக்கும் நேரம் | சிகிச்சையோடு சேர்த்து |

## சில பேருக்குக் கணக்கு மாறும்

பிள்ளை பெற்று சில வாரமே ஆன தாய், தூக்கமில்லாமல், சம்பந்தமில்லாமல் பேசினால், பிள்ளைக்கு ஏதோ ஆகப்போகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தால், வேறு எதையும் யோசிக்காமல் அன்றே பெரிய ஆஸ்பத்திரி. “பேறுகால அசதி” என்று பத்து நாள் பார்க்கக் கூடாது. பிள்ளையோடு தனியாகவும் விடக் கூடாது.

தினமும் குடிப்பவரை வீட்டில் அடைத்துவைத்துக் குடியை ஒரேயடியாக நிறுத்தச் செய்யாதீர்கள். இரண்டு மூன்று நாளில் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம். ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

பிளஸ் டூ, நீட் ரிசல்ட் வரும் வாரத்தில் பிள்ளைகளுக்கு 14416, 104 இரண்டும் உண்டு. 18 வயதுக்குக் கீழ் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-உம் உண்டு. வீட்டில் அடி வாங்கும் பெண்ணை அதே வீட்டாரின் காவலில் விடுவது காவலாகாது. பெண்கள் உதவி எண் 181-ஐக் கூப்பிடுங்கள், தாய் வீட்டிலோ அக்கா வீட்டிலோ வைத்துக்கொண்டு மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். குழுக்கடன் வசூலுக்கு ஆள் வீட்டு வாசலில் நிற்கிறார் என்பது காரணமாக இருந்தால், அந்த வாரத்துக்கு வசூல்காரரிடம் பேசும் பொறுப்பை வேறு ஒருவர் எடுத்துக்கொள்ள வேண்டும். மாத்திரை கடனை அடைக்காது.

## எந்த வழியைத் தேர்ந்தாலும் வீட்டில் செய்ய வேண்டியது

தற்கொலை எண்ணத்தின் உச்சம் பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அந்த நேரத்தில் கைக்கு எதுவும் எட்டாமல் இருந்தால் பலர் பிழைத்துவிடுகிறார்கள். அதனால் பூச்சிமருந்து வீட்டிலும் இருக்கக் கூடாது, தோட்டத்துப் பம்புசெட் அறையிலும் இருக்கக் கூடாது. சித்தப்பா வீட்டிலோ வாங்கிய கடையிலோ கொடுத்துவையுங்கள். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில், விவசாயிகள் மருந்தை வீட்டில் வைக்காமல் பூட்டுப் போட்ட பொதுப் பெட்டகத்தில் வைத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கங்களில் கேட்டுப் பார்க்க வேண்டிய யோசனை. தாத்தாவின் சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை உட்பட எல்லா மருந்தையும் பூட்டி, சாவியை ஒருவர் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மனநல மருந்தையும் ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்கி, வேளாவேளைக்கு எடுத்துக் கொடுங்கள்.

ஆளை அறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். கூட இருங்கள். குளியலறைத் தாழ்ப்பாளை உள்ளே போடாமல் இருக்கச் சொல்வதுவரை பேசி ஒப்புக்கொள்ள வைக்கலாம். “பிள்ளை மேல சத்தியமாச் செய்யமாட்டேன்” என்று வாங்கும் சத்தியத்தை நம்பிக் காவலைத் தளர்த்தாதீர்கள். அது கேட்டவருக்குத் தூக்கம் தரும், அவ்வளவுதான்.

மருந்து தொடங்கிய முதல் சில வாரம் கூடுதல் கவனம் வேண்டும், குறிப்பாக 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு. தவிப்பு, தூக்கமின்மை திடீரென்று கூடினால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் வாரமும் அதைத் தொடர்ந்த மாதங்களும்தான் மறுமுயற்சி அதிகம் நடக்கும் காலம். சொந்தக்காரர்கள் பார்த்துவிட்டுப் போய், வீடு பழைய வேலைக்குத் திரும்பும் நேரமும் அதுவே. ஏழு நாளுக்குள் முதல் மறுபார்வை இருக்கும்படி தேதி வாங்குங்கள்.

ஒரு வெள்ளைத் தாளில், அவர் கையாலேயே, இந்த வரிசையில் எழுத வையுங்கள்: எண்ணம் வரப்போகிறது என்பதற்கு எனக்குத் தெரியும் அடையாளம், அப்போது நானே செய்யக்கூடியது, போய் உட்கார்ந்து மனதை மாற்றக்கூடிய இடம், ஆள், வாய்விட்டு உதவி கேட்கக்கூடிய இரண்டு பேர், அவர்கள் நம்பர், டாக்டர் நம்பர், 14416, 108, வீட்டில் பூட்டி வைக்க வேண்டியவை. அந்த இரண்டு பேரிடமும் முன்கூட்டியே சொல்லிவைத்து, ராத்திரி போனை சைலன்ட்டில் போடாமல் இருக்கச் சொல்லுங்கள். தாளை போனில் படம் பிடித்து மூவரும் வைத்துக்கொள்ளுங்கள். மறுபார்வைக்குப் போகும்போது டாக்டரிடமும் காட்டுங்கள்; நம்பர் மாறியிருந்தால் அன்றே திருத்துங்கள்.